சட்டையின் முதுகில் என் தாத்தா பெயர்

கனடாவில் ஒரு பையன் பனித்தரையில் விழுந்து எழுந்து விளையாடிப் பேர் வாங்குகிறான். அதற்கு எங்கள் ஊர் நுழைவாயிலில் என் அண்ணன் கைகூப்பிக்கொண்டு ஃபிளெக்ஸில் நிற்கிறார். பேருந்தை விட்டு இறங்கி அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குமட்டலில் பாதி எனக்கே சேர வேண்டியது என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். தஞ்சாவூரில் இருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன். சம்பளம் கிடையாது, யாரும் செய்யச் சொன்னதும் கிடையாது. முதலில் வயல் களைகளைப் பற்றி எழுதினேன்: கோரை, ஆரை, நீர்முள்ளி. பிறகு அடுத்தவர் எழுதியதில் கைவைக்கும் பழக்கம் வந்தது. ஆதாரம் இல்லாத வரியைக் கண்டால் அதன் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறி போடலாம். அந்தக் குறியை என் அளவுக்குப் போட்டவர்கள் குறைவு. எவனோ ஒருவன் தன் குலதெய்வக் கோயிலுக்கு இரண்டாயிரம் வயது கொடுத்திருப்பான், குறி. எவளோ ஒருத்தி சுண்டைக்காய் சகல நோயையும் தீர்க்கும் என்றிருப்பாள், குறி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விடைத்தாளில் சிவப்பு மையை இழுக்கும் அதே சுகம் அதில் இருந்தது.

ஒருநாள் புதுக் கட்டுரைகளின் பட்டியலில் ஒரு ஐஸ் ஹாக்கி வீரரின் வாழ்க்கைக் குறிப்பு வந்தது. கனடாவில் பிறந்தவர், இருபத்தைந்து வயது, அங்கே இரண்டாம் நிலைத் தொழில்முறை அணி ஒன்றில் தடுப்பாட்டக்காரர், தந்தை தமிழ்நாட்டிலிருந்து போனவர். விஷயம் அவ்வளவுதான். ஆனால் எழுதியிருந்த லட்சணம்! இயந்திரத்தின் வாயில் ஆங்கிலத்தைத் திணித்து, அது துப்பியதை அப்படியே அள்ளிப் போட்டிருந்தார்கள். ஆட்டத்தில் தப்புச் செய்ததற்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தால் ‘இரண்டு நிமிடச் சிறைத்தண்டனை அனுபவித்தார்’ என்று எழுதுவதா? பெற்ற தாய் படித்தால் வயிற்றில் அடித்துக்கொள்ள மாட்டாளா?

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஃபிரிட்ஜில் தண்ணீர் கட்டியாவதற்குள் கரண்ட் போகிற ஊர்க்காரி நான். ஆனாலும் விடவில்லை, வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். பெருவிரல் தடிமனில் ஒரு ரப்பர் வட்டு. அதைக் கோலால் தள்ளிக்கொண்டு காலில் கத்தி கட்டிய ஆட்கள் பறக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூச்சிரைக்க வெளியே வந்துவிடுகிறார்கள், அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கிறது. நடுவே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருத்தன் மூஞ்சியில் ஒருத்தன் குத்துகிறான், நடுவர் வேடிக்கை பார்க்கிறார். அந்தக் கருமம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தப் பையன் குத்தப் போகவில்லை. பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வட்டை மட்டும் அலுங்காமல் தட்டிப் பறித்தான். அதற்காகவே நாலு மதியம் உட்கார்ந்து கட்டுரையைத் தமிழாக்கினேன்.

அப்போதுதான் அந்த வரியையும் சேர்த்தேன். அவன் சட்டையின் முதுகில், எண்ணுக்கு மேலே, ஒரு தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. நம் ஆள் வெளிநாடு போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? இங்கே இனிஷியலாக ஒற்றை எழுத்தில் ஒடுங்கிக் கிடந்த அப்பா பெயர், அங்கே பாஸ்போர்ட்டில் கைகால் நீட்டிக் குடும்பப் பெயராகிவிடும், பேரப்பிள்ளைக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே, ‘இவரது குடும்பப் பெயர் இவருடைய தந்தைவழித் தாத்தாவின் பெயராகும்’ என்று எழுதினேன். சான்று கொடுக்கவில்லை. ஊரார் வரிக்கெல்லாம் குறி போட்டவள் என் வரிக்குப் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கெல்லாமா சான்று என்ற நினைப்பு.

என் தாத்தாவுக்கும் அதே பெயர்தான். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனுடைய அணியின் பக்கத்தில் அவன் தந்தையின் ஊர் என்று எங்கள் ஊரே போட்டிருந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து மினி பஸ் பிடித்துப் போக வேண்டிய, பக்கத்து ஊருக்கே சரியாகத் தெரியாத எங்கள் ஊர்! சந்தோஷம் தாங்காமல் அண்ணனுக்குப் போன் செய்து, நம் ஊர்ப் பையன் ஒருத்தன் பனியில் ஹாக்கி ஆடுகிறான், முதுகில் நம் தாத்தா பெயர் வேறு என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அண்ணன் ஊரில் எங்கள் பழைய வீட்டிலேயே இருந்து மிச்ச நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கோயில் திருவிழாக் கமிட்டியில் பொறுப்பு, எங்கள் சாதிச் சங்கத்தில் மாவட்ட அளவில் ஒரு பதவி. கல்யாண வீட்டில் தான்தான் மாப்பிள்ளை, சாவு வீட்டில் தான்தான் பிணம் என்கிற ரகம். அவரை எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்து ஆற்றுப் பாலம் வரை மிதித்தவர்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரையில் ஒரு புது வரி முளைத்தது. இந்த வீரர் இன்ன ஊரின் பெருநிலக்கிழார் இன்னாரின் பேரன், சோழர் படையை நடத்திய மரபில் உதித்தவர் என்று எழுதி, அதன் பின்னால் எங்கள் சாதிப் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பேரில்லாத யாரோ செய்த வேலை. நீக்கினேன். சாயங்காலம் திரும்ப வந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. நாற்றங்காலில் கோரையைப் பிடுங்குகிற கதைதான். கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில், நீ எந்த ஊர், நீ என்ன ஆள் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். கலைக்களஞ்சியத்தில் வந்து சாதி கேட்கிறான், தூ! ‘சான்று தேவை’ என்று போட்டேன். மூன்றாம் நாள் சான்று வந்தது. சங்கத்தின் மாதப் பத்திரிகை, பக்க எண்ணோடு. அச்சில் வந்தது சான்று என்பது விதி. விதியைப் பேசிப் பேசியே காலம் தள்ளியவள் அந்த வரியை விட்டுவைத்தேன்.

பத்திரிகையின் அந்தப் பக்கத்தை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பையனின் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு என் அண்ணன். மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நுழைவாயிலில் அந்த ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் ஹெல்மெட் போட்ட பையன், மறுபக்கம் அண்ணன், நடுவில் வாயைப் பிளந்த புலி. ‘குலம் காக்க வந்த கொழுந்தே’ என்று எழுத்து. வீட்டுக்குள் போனால் ஆன்லைனில் வாங்கிய சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தாத்தாவுக்கு வைத்த சந்தனப் பொட்டு அதற்கும் ஒன்று. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், இந்தப் பையன் யார், நமக்கு என்ன உறவு என்று கேட்டேன்.

அண்ணன் ஒளிக்கவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பு.

“வாய்க்காலுக்கு அந்தாண்ட இருந்து வந்து நம்ம பண்ணையில கெடந்தான்ல ஒருத்தன், அவன் பேரன். மவன்காரன் படிச்சிட்டுக் கனடா போயிட்டான், போன வருசம் செத்தும் போயிட்டான். சர்டிபிகேட்ல எல்லாம் நம்ம தாத்தா பேருதான் இருந்திச்சாம்,” என்றார், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே.

“தெரிஞ்சுகிட்டேவா நம்ம பேரன்னு போட்டீங்க?”

“நான் எங்க போட்டேன்? தாத்தா பேருதான்னு நீதானம்மா எழுதுன. உன் வரியக் காட்டித்தான் பத்திரிகைலயே போட்டாங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் வரியைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது, பத்திரிகையைச் சான்றாகக் காட்டி என் கட்டுரையிலேயே சாதியை எழுதினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றை வடித்துக் கொட்டியவள் நான். இதில் அண்ணனுக்குத் துளி கூச்சம் இல்லை. அந்தப் பையனின் சொந்தத் தாத்தாவால் கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டில் வரைக்கும்தான் வர முடிந்தது. எரு சுமந்த கிழவன் வேண்டாம், கோப்பை வாங்குகிற பேரன் மட்டும் வேண்டும். இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்டேன். அவன் பெயரும் நம்மால் வந்தது, படிப்பும் நம்மால் வந்தது, நாலு பேருக்குப் பெருமையான விஷயத்தில் உனக்கு என்ன குடைச்சல் என்று திருப்பிக் கேட்டார். காபி போடச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். அந்த வீட்டுக் காபியை நினைத்தாலே வாய் கசந்தது.

அந்தக் குடும்பத்தில் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். செத்துப்போனவரின் அக்கா இருக்கிறார், நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார் என்றார். வெயிலில் நடந்தே போனேன்.

அறுவடை முடிகிற சமயம். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் குவியல் குவியலாக நெல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் காவல். அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சொந்தமாக ஒரு மா நிலமும் குத்தகைக்கு மூன்று மாவும், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் ஏக்கர் தேறும், பயிர் செய்கிறவர். ஈரம் அதிகம் என்று சொல்லி மூன்று நாளாக எடை போடவில்லையாம். நெல்லைத் தார்ப்பாயில் பரப்பி, காலாலேயே சால் சாலாகக் கிளறிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வாங்கம்மா. நீங்கதான் அத எழுதுறீங்கன்னு உங்க அண்ணன் சொல்லிக்கிட்டிருந்தாரு. நானே வந்து பாக்கணும்னு இருந்தேன்,” என்றார். ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை. நீங்களும் உட்காருங்கள் அக்கா என்றேன். எங்கள் வீட்டில் அவரை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. கொஞ்சம் தயங்கி, தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவர் மகள் கைப்பேசியில் கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஃபிளெக்ஸையும் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. தம்பி இருந்தால் ஒரு வார்த்தை கேட்கலாம், போய்விட்டான் என்றார். தம்பி மகனுக்குத் தமிழ் வராது, போனில் ‘அத்தை, ஹவ் ஆர் யூ’ என்பான், அதோடு சரி. விஷயம் தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான்.

“எங்கப்பா பேரு எங்கயுமே இல்லம்மா,” என்றார். “பட்டாவுல இல்ல, தம்பி படிச்ச காகிதத்துல இல்ல. இத ஒலகம் பூரா பாக்குமாமே. இவன் இன்னாரு பேரன்னு ஒரே ஒரு வரி போடுங்க. நானும் போயிட்டா அப்புறம் அதச் சொல்ல ஆளு கெடையாது.”

அப்பாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். என் சின்ன வயது முழுக்க எங்கள் கொல்லையில் நடமாடிய மனிதர் அவர். எனக்கு வாய்க்காலில் நண்டு பிடித்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்கள், ஆறு வயசுப் பிள்ளையான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சாக்கில் உட்கார்ந்திருந்த எனக்கு என் வாயையே கழுவ வேண்டும் போலிருந்தது.

அப்படி உட்கார்ந்துகொண்டு அவருக்கு விதியை விளக்கினேன். எழுதினால் மட்டும் நிற்காது, இன்னொருவர் வந்து சான்று எங்கே என்பார், எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும் என்றேன்.

“நான் சொல்றேன்லம்மா. மகளில்லையா நானு?”

அது போதாது என்று சொன்னேன். வேறு யாரோ சொல்கிற மாதிரி என் குரல் எனக்கே கேட்டது. பத்திரிகையில் வந்த பொய் செல்லும், பெற்ற மகள் சொல்கிற உண்மை செல்லாது. இந்தச் சட்டத்தை எத்தனை பேருக்கு எத்தனை திமிராகப் பாடம் எடுத்திருக்கிறேன்!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. என்னிடம் படித்த ஒரு பெண் ஒரு நாளிதழில் இருக்கிறாள். நானே என் பெயரில் ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன். அந்தப் பண்ணை வீட்டுப் பேத்தி நான், இந்தப் பையன் எங்கள் வீட்டு ஆள் இல்லை, இன்னாருடைய பேரன் என்று எழுதுகிறேன். அச்சில் வந்துவிட்டால் அதைச் சான்றாகக் காட்டி அவர் பெயரைச் சேர்த்துவிடலாம். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகமாகிவிட்டது. அண்ணன் முகத்தில் கரி பூசின மாதிரியும் ஆயிற்று, இவருக்கு நல்லது செய்த மாதிரியும் ஆயிற்று.

அவர் எழுந்து போய் ஒரு சால் நெல்லைக் கிளறிவிட்டு வந்தார்.

“நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. நீங்க சொன்னா எடுத்துக்குவாங்களா?”

ஆமாம் அக்கா, எங்கள் வீட்டு ஆளே சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“தம்பியப் பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப நானும் போனேன்,” என்றார். “எனக்குப் பத்து வயசு. எங்கப்பா மேல்துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வேலிக்கு வெளிய நின்னாரு. நீ சொன்னா சேக்க மாட்டாங்க, நான் சொன்னாத்தான் சேப்பாங்கன்னுட்டு உங்க தாத்தாதான் தம்பி கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாரு. அப்பா இல்லாட்டி கார்டியன்னு ஒரு கட்டம் இருக்காமே, அதுல அவரு பேரச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாரு. அப்பா வெளிய நிக்கிறாரேன்னு ஹெட்மாஸ்டரும் கேக்கல. பெரிய பள்ளிக்கூடத்துக்கு டிசி எழுதுறப்ப அதையே அப்பா பேருன்னு எழுதிட்டாங்க. அன்னைக்கி எங்கப்பா கூப்புடுவாங்கன்னு உச்சி வெயில் வரைக்கும் நின்னாரும்மா. அவருக்குத் தன் பேரச் சொல்லத் தெரியும்.”

சாக்கில் ஒட்டியிருந்த நெல்மணிகளைப் பொறுக்கித் தார்ப்பாயில் போட்டேன்.

“உங்க தாத்தாவும் நல்லது செய்யத்தான் வந்தாரு. நீங்களும் நல்லது செய்யத்தான் வந்திருக்கீங்க. வேணாம்மா. எங்கப்பாவ இன்னொரு தடவ வெளிய நிக்க வைக்காதீங்க. நீங்க எழுதுனத மட்டும் எடுத்துருங்க, போதும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அண்ணனைப் பார்த்து வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அண்ணனாவது சட்டையைச் சுவரில் மாட்டினார். நான் அந்தக் கிழவரின் மகளிடமே வந்து, உன் அப்பா பெயருக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறேன்.

அங்கேயே கைப்பேசியை எடுத்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. அவர் எழுந்து வந்து முந்தானையை விரித்து நிழல் கட்டினார். குடும்பப் பெயரைப் பற்றி நான் எழுதிய வரியை அழித்தேன். அதன் மேல் கட்டிய சோழர் படையை அழித்தேன், சாதியை அழித்தேன், பத்திரிகைச் சான்றை அழித்தேன். சேமிப்பதற்கு முன் எதற்காக மாற்றினோம் என்று காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான் என் சொந்தப் பெயரில் எழுதுகிறவள். அந்தக் காரணம் என் பெயரோடு அந்தப் பக்கத்தின் வரலாற்றில் எப்போதும் இருக்கும்.

என்ன போட்டீர்கள் என்று கேட்டார். வாசித்தேன்: “சான்று இல்லை.”

“சான்று இல்லன்னு போட்டா, நாளைக்கி இன்னொரு சான்று கொண்டாந்து திருப்பி எழுதிருவாங்கள்ல?”

எழுதுவார்கள்தான். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுத்து தப்பியது, நிதானமாகத் திருத்தினேன். வாசிக்கச் சொன்னார்.

“நான் எழுதியது பொய். இவர் என் தாத்தாவின் பேரன் இல்லை.”

“ம். அமுத்துங்க,” என்றார்.

அழுத்தினேன்.